1922 சிகாகோவில் ஒரு குடும்பம் வீடு தேடினால்: வாடகையா, பெட்டியில் வரும் வீடா, பங்களாவா, டூ ஃபிளாட்டா?

1922-ஆம் வருட சிகாகோவில் ஒரு தொழிலாளிக் குடும்பம் வீடு மாறப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். செக் நாட்டிலிருந்து வந்து பில்சன் பகுதியில் குடியேறியவர்கள். கணவனுக்கு வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலையில் வேலை. டெலிபோன் கருவிகள் செய்யும் ஆலை அது; ஊரின் மேற்கு எல்லையை ஒட்டி, சிசரோவில் இருக்கிறது. வீட்டில் மனைவி, மூன்று பிள்ளைகள், மனைவியின் அம்மா. கையில் 2,500 டாலர் சேமிப்பு. இந்தக் குடும்பம் கற்பனைதான், ஆனால் இதே நிலையில் அந்த ஊரில் அன்றைக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருந்தன.

சிகாகோ கட்டடக்கலை என்றாலே வானளாவிய கட்டடங்களையும் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டையும்தான் பேசுவார்கள். ரைட்டின் ரோபி வீடு 1910-ல் முடிந்தது. அழகான வீடுதான், மறுக்கவில்லை. ஆனால் ஊரில் பெரும்பாலானவர்களின் வாழ்க்கையைத் தீர்மானித்தது 25 அடி அகலமும் 125 அடி நீளமும் கொண்ட ஒரு மனை. நகரம் முழுக்கக் கட்டம் போட்டுப் பிரிக்கப்பட்டது இந்த அளவில்தான். முன்பக்கம் தெரு, பின்பக்கம் குப்பை வண்டியும் நிலக்கரி வண்டியும் வந்து போகிற பின்சந்து. இந்த ஒல்லியான நிலத்தில் என்ன கட்டலாம், அதற்கு யார் பணம் கொடுப்பார்கள் என்பதுதான் கேள்வி.

முதலில், இருக்கிற இடத்திலேயே வாடகைக்கு இருந்துவிடுவது. பில்சனில் பழைய மனைகளில் முன்னால் ஒரு கட்டடம், பின்னால் இன்னொன்று என்று இரண்டு இருக்கும். சாக்கடைக் குழாய் போடுவதற்காக நகராட்சி தெருக்களை மேடாக்கியதால் பல வீடுகளின் கீழ்த்தளம் நடைபாதைக்குக் கீழே போய்விட்டது. தெருவிலிருந்து சின்னப் பாலம் மாதிரி ஒரு பலகை வழியாக மாடிக்குள் நுழைய வேண்டும். கீழே குடியிருப்பவர் படி இறங்கிப் பள்ளத்துக்குள் போக வேண்டும். இன்றைக்கும் பில்சனில் நடந்தால் இந்தப் பள்ளமான முற்றங்களைப் பார்க்கலாம். கழிப்பறை பல இடங்களில் பொது. ஒண்டுக்குடித்தனத்தின் எல்லாத் தொல்லையும் உண்டு. வாடகையைச் சமாளிக்க, உள்ள நாலு அறையில் ஒன்றில் வெளியாள் ஒருவரைப் படுக்க வைத்து, சாப்பாடும் போட்டுப் பணம் வாங்குவது சகஜம். அந்தச் சமையலும் துவையலும் வீட்டுப் பெண்ணின் தலையில்தான் விழும்.

வாடகையில் நல்ல வீடே இல்லை என்று சொல்ல முடியாது. வடக்கே ரோஜர்ஸ் பார்க் பக்கம் ‘ப’ வடிவத்தில், நடுவில் புல்வெளி விட்டுக் கட்டிய கோர்ட்யார்டு கட்டடங்கள் வந்துகொண்டிருந்தன. காவல்காரரே பாய்லருக்கு நிலக்கரி போடுவார், ரேடியேட்டர் வழியாக எல்லா வீட்டுக்கும் நீராவிச் சூடு வரும். சுவருக்குள் மடக்கி வைக்கும் கட்டில்கூட உண்டு. குமாஸ்தா தம்பதிக்குச் சரி. மூன்று பிள்ளைகளும் பாட்டியும் உள்ள ஆலைத் தொழிலாளிக்கு அந்த வாடகை கட்டாது, ஆலையும் தூரம். தவிர, சிகாகோவில் வாடகை ஒப்பந்தங்கள் மே 1, அக்டோபர் 1 என்ற இரண்டு தேதிகளில்தான் முடியும். அந்த நாளில் ஊரே சாமான் வண்டியோடு தெருவில் நிற்கும். போர்க்காலத்தில் வீடு கட்டுவது நின்றுபோய், 1919-லிருந்து வாடகை ஏறிக்கொண்டே வந்தது. வீட்டுக்காரர் கேட்டதைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மே மாதம் வண்டி பிடிக்க வேண்டும். அதனால் வாடகையை இங்கேயே தள்ளிவிடுகிறேன்.

அடுத்தது, படித்தாலே ஆசை வருகிற வழி: தபாலில் வீடு வாங்குவது. சியர்ஸ் ரோபக் கம்பெனி 1908-ல் வீடுகளுக்கென்றே தனி விலைப் புத்தகம் போட்டது. அதில் 360 டாலரில் தொடங்கி 2,890 டாலர் வரை வீடுகள் இருந்தன. புத்தகத்தில் ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுத்துப் பணம் அனுப்பினால், மரச்சட்டம், கதவு, ஜன்னல், ஆணி, பெயின்ட் எல்லாம் ரயில் பெட்டியில் வந்து இறங்கும். ஒரு வீட்டுக்கு 30,000 உருப்படிகள் வரை. கூடவே 75 பக்க வழிகாட்டிப் புத்தகம். பின்னாளில் மரத்தை ஆலையிலேயே அளவாக அறுத்து, ஒவ்வொரு துண்டிலும் எழுத்தும் எண்ணும் முத்திரை குத்தி அனுப்பினார்கள். அந்த எண்ணைப் பார்த்து அடுக்கினால் போதும். சாதாரணமாக 583 மணிநேரத் தச்சு வேலை பிடிக்கிற வீட்டை 352 மணிநேரத்தில் முடிக்கலாம் என்று கம்பெனி விளம்பரம் செய்தது. 1911 முதல் அவர்களே கடனும் கொடுத்தார்கள். இன்றும் அமெரிக்காவில் பழைய வீடு வாங்குகிறவர்கள் டார்ச் லைட்டோடு நிலவறைக்கு இறங்கி, உத்தரத்தில் அந்த முத்திரை இருக்கிறதா என்று தேடுவது உண்டு.

ஆனால் புத்தகத்தில் போட்டிருக்கும் விலையில் நிலம் கிடையாது. அஸ்திவாரம், செங்கல், சிமென்ட், பூச்சு, கூலி எதுவும் கிடையாது. அதையெல்லாம் கூட்டினால் தொகை எங்கேயோ போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல் சட்டம். 1871 அக்டோபரில் ஊரே எரிந்து, ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். 1874-ல் மறுபடி ஒரு பெரிய தீ. அதன் பிறகு நகரத்தின் தீத்தடுப்பு எல்லைக்குள் புதிதாக மரவீடு கட்டத் தடை வந்தது. சியர்ஸின் பெட்டி வீடோ பெரும்பாலும் மரவீடு. அந்தக் கம்பெனியின் தலைமையகம், 14 மாடிக் கோபுரத்தோடு, சிகாகோவுக்குள்ளேயே, மேற்குப் பக்கமுள்ள நார்த் லாண்டேலில்தான் இருந்தது. சுற்றியுள்ள தெருக்களில் எழும்பியதெல்லாம் செங்கல்லும் கல்லும். அவர்கள் விற்ற வீட்டைப் பார்க்க வேண்டுமானால் எல்ஜின், டவுனர்ஸ் குரோவ் போன்ற வெளியூர்களுக்குப் போக வேண்டும். எல்ஜினில் மட்டும் இருநூறுக்கும் மேல் அடையாளம் கண்டிருக்கிறார்கள். அங்கே குடியேறினால் ஹாதார்னுக்குத் தினமும் எப்படி வருவது? சொந்தமாக நிலம் இருந்து, மைத்துனன் தச்சு வேலை தெரிந்தவனாகவும் இருந்தால் இது அருமையான வழி. நம் குடும்பத்துக்கு இரண்டும் இல்லை.

மிச்சம் இரண்டு. உண்மையான போட்டி இங்கேதான்.

பங்களா பற்றிச் சொன்னால், சிகாகோ பங்களா நாம் நினைக்கிற பெரிய மாளிகை கிடையாது. ஒன்றரை மாடி உயரம், தாழ்ந்து சரியும் கூரை, வெளியே நீண்ட இறவாரம். 1910-லிருந்து முப்பது வருடங்களில் நகரத்தில் மட்டும் சுமார் 80,000 கட்டப்பட்டன. ஊரின் மேற்கிலும் தெற்கிலும் வடமேற்கிலும் பிறை வடிவத்தில் ஒரு பட்டையாகவே பரவின. எல்லைக்கு வெளியே பெர்வினிலும் வரிசை வரிசையாக நின்றன. மனை பழைய 25 அடியைவிடக் கொஞ்சம் அகலம், அதனால் பக்கத்து ஜன்னல்களிலும் வெளிச்சம் வரும். முகப்பில் வழவழப்பான நல்ல செங்கல், சுண்ணக்கல் அலங்காரம், வண்ணக் கண்ணாடி ஜன்னல். அப்படியே பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள்: மலிவான உள்ளூர்ச் செங்கல், ஒன்று மஞ்சளாக, ஒன்று ரோஜா நிறமாக, மேடு பள்ளமாக. தெருவுக்கு ஒரு முகம், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு முகம். செலவை எங்கே செய்ய வேண்டும் என்று கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

உள்ளே முன்னறை, சாப்பாட்டு அறை, சமையலறை, இரண்டு படுக்கையறை, தொட்டியும் சுடுதண்ணீரும் உள்ள குளியலறை. மின்சாரம் உண்டு. பாதி தரைக்கு மேலே எழும்பிய நிலவறையில் துவைக்கலாம். பல குடும்பங்கள் அங்கேயே இன்னொரு அடுப்பைப் போட்டுக் கோடைச் சமையலையும் இறக்கிவிட்டன. மேலே பரணை முடிக்காமல் விட்டிருப்பார்கள், பிள்ளைகள் வளர்ந்ததும் பலகை அடித்து அறையாக்கிக் கொள்ளலாம். பின்சந்து ஓரம் ஃபோர்டு காருக்கு ஒரு கொட்டகை. பில்சன் பள்ளத்திலிருந்து இங்கே வருகிற பெண்ணுக்கு இது சொர்க்கம்தான். குளிக்க யாரிடமும் முறை கேட்க வேண்டாம், மேலே யாரும் தடதடவென்று நடக்க மாட்டார்கள். வாழ்கிற சுகத்தை மட்டும் பார்த்தால் பங்களாவை மற்ற எதுவும் நெருங்க முடியாது.

டூ ஃபிளாட் என்பது ஒரே மனையில் கீழே ஒரு வீடு, மேலே அதே வரைபடத்தில் இன்னொரு வீடு. உரிமையாளர் ஒன்றில் இருந்துகொண்டு மற்றதை வாடகைக்கு விடுவார். இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது, இருபத்தைந்து வருடங்களில் செக், போலிஷ், யூதக் குடும்பங்கள் குடியேறிய தெருக்களில் இவை சாரை சாரையாக எழுந்தன. வசதி கொஞ்சம் கூடினால் முகப்புக்கு இண்டியானாவிலிருந்து வந்த சாம்பல் நிறச் சுண்ணக்கல்லைப் பதிப்பார்கள். அதற்குக் கிரேஸ்டோன் என்று பெயர். வெளியே தள்ளிய முன்ஜன்னல், பக்கத்தில் கல் படிக்கட்டு. முன்கதவைத் திறந்தால் உள்ளே இரண்டு கதவு: ஒன்று கீழ் வீட்டுக்கு, ஒன்று மாடிப்படிக்கு.

குறையைச் சொல்லிவிடுகிறேன். 25 அடி மனையில் கட்டடம் கிட்டத்தட்ட முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். பக்கத்துக் கட்டடத்துக்கும் இதற்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கிற சந்து மட்டும் மிஞ்சும். முன்னறைக்கும் பின்கட்டுச் சமையலறைக்கும் வெளிச்சம் உண்டு. நடுவில் உள்ள படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் செங்கல். பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கும். மேல் வீட்டுக்காரர் காலடி, பிள்ளை அழுகை, வறுக்கிற வெங்காய வாசனை எல்லாம் கீழே வரும்.

ஆனால் அன்றாட வாழ்க்கை நடப்பது பின்பக்கம். அங்கே மரத்தால் ஆன திறந்த தாழ்வாரமும் படிக்கட்டும் இருக்கும். ஐஸ்காரர், பால்காரர், துணி காயப்போடுவது, வம்பு பேசுவது எல்லாம் அந்தப் படிகளில்தான். ஐஸ் வேண்டும் என்றால் ஜன்னலில் ஒரு சதுர அட்டையை மாட்டுவார்கள். நாலு ஓரத்திலும் 25, 50, 75, 100 என்று எழுதியிருக்கும். எந்த எண் நேராக மேலே இருக்கிறதோ அத்தனை பவுண்டு ஐஸ். வண்டிக்காரர் கீழே நின்றபடியே அட்டையைப் பார்த்துக் கட்டியை வெட்டி, கொக்கியில் மாட்டித் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறுவார். மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் ஒரே படி. யார் வீட்டில் பெட்டி நிறைகிறது, யார் வீட்டில் அட்டை மாட்டவில்லை என்பது இருவருக்கும் தெரியும். பங்களாவில் இந்த மாதிரி ஒருவர் கண்ணில் ஒருவர் படுவது குறைவு. அதை நிம்மதி என்பதா, தனிமை என்பதா என்பது அவரவர் சுபாவம்.

சரி, பணத்துக்கு வருவோம். கணக்கு புரிவதற்காக நானே சில எண்களைப் போடுகிறேன். பங்களா 6,500 டாலர். கையிலிருக்கும் 2,500 போக 4,000 கடன். வட்டி 6 சதவீதம் என்றால் வருடத்துக்கு 240, மாதம் 20 டாலர். டூ ஃபிளாட் 9,000 டாலர் என்று வைப்போம். கடன் 6,500, வட்டி வருடத்துக்கு 390, மாதம் 32 டாலர் 50 சென்ட். மேலோட்டமாகப் பார்த்தால் பங்களாதான் இலேசு. ஆனால் மேல் வீடு மாதம் 40 டாலருக்குப் போனால் வட்டியைக் குடித்தனக்காரரே கட்டிவிடுகிறார். வரிக்கும் நிலக்கரிக்கும் 7 டாலர் 50 சென்ட் மிச்சம். பங்களாவின் 20 டாலர் மாதாமாதம் ஒரே ஆளின் சம்பளத்திலிருந்து வர வேண்டும்.

அன்றைய கடன் முறையைத் தெரிந்துகொண்டால் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். இப்போது போல முப்பது வருடத் தவணை அப்போது கிடையாது. வீட்டு விலையில் பாதிக்குத்தான் முதல் அடமானக் கடன் கிடைக்கும். அதுவும் மூன்று அல்லது ஐந்து வருடத்துக்கு. அதுவரை வட்டி மட்டும் கட்டிவிட்டு, கெடு முடிந்ததும் அசலை மொத்தமாகக் கொடுக்க வேண்டும், அல்லது கெஞ்சிக் கூத்தாடிப் புதுப்பிக்க வேண்டும். மீதிப் பணத்துக்கு இரண்டாம் அடமானம். அதற்கு வட்டியும் கமிஷனும் அதிகம். இதற்கு மாற்றாக இருந்தது பில்டிங் அண்ட் லோன் சங்கம். நம் சீட்டுப் போலத்தான்: தெரிந்தவர்கள் சேர்ந்து வாரா வாரம் பணம் கட்டுவார்கள், அந்தப் பணத்திலிருந்தே உறுப்பினருக்கு வீட்டுக் கடன் போகும். பதினோரு, பன்னிரண்டு வருடத்தில் அசலும் வட்டியும் சேர்ந்தே கரைந்துவிடும். சிகாகோவின் செக், போலிஷ் மக்கள் இதில் கெட்டிக்காரர்கள். கூட்டம் நடப்பது அவர்கள் மொழியில், அவர்கள் தெருவில். ஆங்கிலம் சரியாக வராதவருக்கும் அங்கே கடன் கிடைத்தது.

போக்குவரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. டக்ளஸ் பார்க் உயர்தட ரயில் பில்சன், லாண்டேல் வழியாக சிசரோவுக்கு ஓடியது. டிராமிலும் ஒரே கட்டணத்தில் வண்டி மாறிப் போகலாம்.

இந்த நான்கு வழிகளும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின மக்கள் ஊரின் தெற்கே ஒரு குறுகிய பட்டையில் அடைக்கப்பட்டிருந்தார்கள். 1919 ஜூலையில் மூண்ட இனக் கலவரத்தில் 38 பேர் செத்தார்கள். அதே வருடம் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் அம்மையாரும் அவர் கணவரும் கிராண்ட் புலிவார்டு என்ற சாலையில் ஒரு கல் வீட்டை வாங்கிக் குடிபோனது அதனால்தான் செய்தி. பின்னால், கறுப்பருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைக்கும் வழக்கம் பரவியது. நீதிமன்றம் அதை அமல்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1948 ஆகிவிட்டது. அதற்கப்புறமும் வங்கிக் கடன் கிடைக்காததால், நார்த் லாண்டேலின் இதே டூ ஃபிளாட்டுகள் 1950-களில் கறுப்பினக் குடும்பங்களுக்கு அநியாய விலையில், ஒப்பந்த முறையில் விற்கப்பட்டன. கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் விற்றவர் பெயரில் இருக்கும். ஒரு தவணை தவறினாலும் கட்டியது எல்லாம் போச்சு, வீடும் போச்சு. மார்ட்டின் லூதர் கிங் 1966-ல் அந்தப் பகுதியில் ஓர் அடுக்கு வீட்டில் வாடகைக்கு வந்து தங்கினார். 1968-ல் ஒப்பந்தத்தில் வீடு வாங்கியவர்கள் சங்கம் சேர்த்துப் போராடினார்கள். அதே செங்கல், அதே வரைபடம். 1922-ல் ஒரு செக் குடும்பத்தைத் தூக்கிவிட்ட கட்டடம் இன்னொரு குடும்பத்தை அடகில் பிடித்து வைத்தது. வீட்டின் வடிவத்தை மட்டும் வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது என்பதால் இதையும் எழுதுகிறேன்.

நம் குடும்பத்துக்கு என் ஓட்டு டூ ஃபிளாட்டுக்கே. காரணம் மாடி வாடகை மட்டும் கிடையாது. வெளியாளை வீட்டுக்குள் படுக்க வைக்கும் நிலை ஒழிகிறது. வருமானம் தனிக் கதவுக்குப் பின்னால் போய்விடுகிறது. மனைவியின் உழைப்பில் பாதி குறைகிறது. பாட்டிக்குக் கீழ் வீடு, படி ஏற வேண்டாம். மூத்த மகன் கல்யாணம் செய்தால் மேல் வீட்டைக் காலி செய்து கொடுக்கலாம்; அந்தத் தெருக்களில் அண்ணன் கீழே, தம்பி மேலே என்று இருந்த வீடுகள் ஏராளம். நடு அறை இருட்டைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு ஆட்சேபம் வரும்: 1929-க்குப் பிறகு வந்த பொருளாதாரப் பெருமந்தத்தில் மேல் வீட்டுக்காரருக்கும் வேலை போனதே, வாடகை எங்கிருந்து வந்தது? உண்மைதான். ஹாதார்ன் ஆலையிலேயே ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள், பல பில்டிங் அண்ட் லோன் சங்கங்களும் கவிழ்ந்தன. ஆனால் 1922-ல் பன்னிரண்டு வருடத் திட்டத்தில் கடன் வாங்கியவர் 1930-க்குள் பாதிக்கு மேல் அடைத்திருப்பார். ஐந்து வருட அடமானத்தை 1927-ல் புதுப்பித்தவருக்கு 1932-ல் முழு அசலும் வாசலில் வந்து நிற்கும், அதுவும் எந்த வங்கியும் புதிதாகக் கடன் தராத வருடத்தில். 1933-ல் மத்திய அரசு வீட்டுக் கடன்களை வாங்கி நீண்ட தவணையாக மாற்றத் தொடங்கியபோது பலருக்குக் காலம் கடந்திருந்தது. வீட்டில் இரண்டு சம்பளம் நிச்சயமாக வருகிறது, விலையில் பாதிக்கு மேல் கையிலேயே இருக்கிறது என்றால் நான் பங்களாவைத்தான் சொல்வேன்.

டூ ஃபிளாட் வாங்கப் போகிறவருக்கு இரண்டு மூன்று விஷயம். முடிந்தால் தெருமுனை மனையாகப் பாருங்கள், ஒரு பக்கமாவது நடு அறைக்கு வெளிச்சம் கிடைக்கும். மேல் வீட்டுக்குத் தனி அடுப்பு, தனிக் கணப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஐந்து மாதக் குளிருக்கும் நிலக்கரி உங்கள் செலவு, சாம்பலைப் பின்சந்துக்குச் சுமப்பதும் நீங்கள்தான். பின்பக்க மரப்படியில் ஏறி இறங்கிப் பாருங்கள், வீட்டில் முதலில் உளுத்துப்போவது அதுதான். மழை பெய்த மறுநாள் நிலவறையை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு சங்கத்தில் பெயர் கொடுங்கள்.